வாளும் நெல்லும்

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு வாளைப் போல ஒத்தாசை செய்யும் பொருள் வேறொன்று கிடையாது. கதாநாயகனுக்கு ஆபத்து வந்தால் வாளை உருவச் சொல்லலாம். கதாநாயகி அவனை ஏறிட்டுப் பார்க்க வேண்டுமானால், உருவிய வாளை உறையில் போடச் சொல்லலாம். அத்தியாயத்தை எப்படி முடிப்பதென்று தெரியாமல் திண்டாடும்போது, "இருளில் ஒரு வாள் பளிச்சென்று மின்னிற்று" என்று எழுதி 'தொடரும்' போட்டுவிடலாம். அடுத்த வாரம் வரை வாசகர்களும் தூங்கமாட்டார்கள். பத்திரிகை ஆசிரியரும் நிம்மதியாகத் தூங்குவார்.

ஆனால் சில வாசகர்கள் பொல்லாதவர்கள். "எல்லாம் சரி, உண்மையில் அந்தக் காலத்து யுத்தம் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஜப்பான் தேசத்து ஸாமுராய் வீரர்களைப் பற்றிய திரைப்படங்களைப் பார்த்தவர்கள், "அவர்களைப் போல நம் பக்கத்தில் யாராவது உண்டா?" என்று இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன். பதிலைத் தேடி ஜப்பான் வரை கப்பலேற வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்தாலே போதும்.

ஜப்பானையும் குமரிமுனையையும் நேரில் பார்த்த ஒரு மனிதர் இருந்தார் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர்தான் புனித சவேரியார். 1549-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அவர் ஜப்பானில் ககோஷிமா என்ற ஊரில் போய் இறங்கினார். அந்த நாட்டார் ஆயுதங்களின் மேல் வைத்திருந்த மோகத்தைப் பார்த்து வியந்து, பதினான்கு வயசுப் பையன்கள்கூட வாளும் கட்டாரியுமாகத் திரிகிறார்கள் என்று கடிதம் எழுதினார். அப்போது ஜப்பானில் பிரபுக்கள் ஒருவரோடு ஒருவர் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்த காலம்.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1544-இல், அதே சவேரியார் குமரிக் கடற்கரைக்காக வேறு விதமான கடிதங்கள் எழுதினார். வடுகர் படை தெற்கே இறங்கிவிட்டது. கடற்கரை ஜனங்கள் உயிருக்குப் பயந்து கடலுக்குள் இருக்கும் பாறைகளில் போய் ஒளிந்துகொண்டார்கள். பாறையின் மேல் சோறு ஏது, தண்ணீர் ஏது? பசியாலும் தாகத்தாலும் அவர்கள் செத்துக்கொண்டிருந்த செய்தி கிடைத்ததும், சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைப் போகவிடவில்லை. பிறகு தரைவழியே நடந்து போனார். ஓடிவந்தவர்களில் சாப்பிட ஒன்றுமில்லாதவர்கள், நடக்க முடியாமல் பின்தங்கிவிட்ட கிழவர்கள், செத்துப்போனவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள் என்று தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கடிதங்களில் வாள் வீச்சைப் பற்றிய வர்ணனை கிடையாது. தென்கோடித் தமிழகத்து யுத்தத்தைப் பற்றிப் பக்கத்திலிருந்தவர் எழுதிய பழைய சாட்சியங்களில் அது ஒன்று. அதில் நமக்குக் கிடைப்பது பசியும் தாகமும் ஓட்டமும்தான்.

இனி ஸாமுராய் வீரர்களைக் கொஞ்சம் கவனிப்போம். வாள்தான் ஸாமுராயின் உயிர் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் பழைய காலத்தில் அவர்களுடைய வித்தைக்கு 'வில்லும் குதிரையும்' என்றுதான் பெயர். போரில் பட்ட காயங்களை எழுதிக் கொடுத்துப் பரிசு கேட்பது அவர்களுடைய வழக்கம். பதினாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படிப்பட்ட விண்ணப்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான காயங்கள் அம்பினால் பட்டவை என்று கண்டிருக்கிறார்கள். பிற்பாடு ஈட்டி வந்தது. 1543-இல் போர்த்துகீசியர் தனேகஷிமா என்ற தீவுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1575-இல் நாகஷினோ என்ற இடத்தில் மரவேலிக்குப் பின்னால் நின்ற துப்பாக்கிக்காரர்கள், பேர்போன குதிரைப்படை ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். சுட்டவர்கள் பெரும்பாலும் சாதாரணக் காலாட்கள்.

அப்படியானால் வாளைப் பற்றிய பெருமையெல்லாம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி சமாதான காலத்தில் வந்தது. 1603-க்குப் பிறகு ஜப்பானில் கொஞ்சம் கொஞ்சமாக அமைதி ஏற்பட்டது. ஸாமுராய்களுக்குக் கச்சேரியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. இடுப்பில் மட்டும் வாள் தொங்கிற்று. வீர மரணத்தைப் போற்றும் 'ஹாகாகுரே' என்ற புகழ்பெற்ற நூல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. அதிலுள்ள கருத்துகளைச் சொன்ன யாமமோட்டோ ட்ஸுனெட்டோமோ என்பவர் தம் ஆயுளில் ஒரு யுத்தத்தையும் கண்டவரல்லர். என்னைப் போன்ற கதைக்காரர்களுக்கு இது எவ்வளவு ஆறுதலான செய்தி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை!

இன்னொரு விஷயமும் உண்டு. அது தலை. எதிரியைக் கொன்றால் போதாது. தலையைக் கொய்து கொண்டுவந்து காட்டினால்தான் பரிசு. அந்தத் தலைகளைக் கழுவி, முடி வாரி, பெரிய மனிதரின் தலையென்றால் பல்லுக்கு மையும் பூசி, சீட்டுக் கட்டி வரிசையாக வைப்பார்கள். கோட்டைக்குள் இருந்த பெண்கள் அந்த வேலையைச் செய்ததாகவும் குறிப்பு இருக்கிறது. இரவெல்லாம் தலைகளின் நடுவே உட்கார்ந்து முடி வாரிய பெண்ணைப் பற்றி எந்தக் கதைக்காரன் அத்தியாயம் எழுதுவான்?

தலை என்றதும் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இரவிக்குட்டிப் பிள்ளையின் ஞாபகம் வந்திருக்கும். மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்ட காலம் அது. 1635-ஐ ஒட்டி நாயக்கரின் படை இராமப்பய்யன் தலைமையில் கணவாய் வழியாக உள்ளே வந்தது. வேணாட்டின் தளபதியான கேரளபுரம் இரவிக்குட்டிப் பிள்ளை, இன்றைய நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் அதை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். அந்தச் சண்டையைப் பற்றிய கதைப்பாட்டை இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்கள்.

பாட்டின்படி, தாயும் மனைவியும் கெட்ட சொப்பனம் கண்டு, இன்றைக்குப் போகவேண்டாம் என்று தடுக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. கூட இருந்த பிள்ளைமார் சதி செய்து அவரைத் தனியாக விட்டுவிடுகிறார்கள். எதிரிகள் சூழ்ந்துகொள்கிறார்கள். அறுபட்ட தலை நாயக்கரின் பாசறைக்குப் போகிறது. காளி நாயர் என்ற வீரன் தன்னந்தனியாக அங்கே போய்த் தலைவரின் தலையைக் கேட்கிறான். அந்தத் துணிச்சலை மெச்சி நாயக்கர் கொடுத்தனுப்புகிறார்.

தோல்வி என்றால் பாட்டுக்குச் சதிகாரன் வேண்டும். சதியும் நடந்திருக்கலாம், இல்லையென்று சொல்ல நான் யார்? ஆனால் பாட்டு தன்னை அறியாமலே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறது. அந்தக் காலத்துப் படை, தலைவனுடைய முகத்தைப் பார்த்து நின்ற படை. ஒவ்வொரு பிரபுவும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவான். மனசு மாறினால் கூட்டிக்கொண்டு போய்விடுவான். தலைவன் விழுந்தால் படை கலைந்தது. ஆகையால்தான் ஜப்பானிலும் சரி, கணியாகுளத்திலும் சரி, தலைக்கு அவ்வளவு விலை. அதோடு, வீட்டு வாசலில் நின்று மகனை மறித்த அந்தத் தாயைப் பாருங்கள். சொப்பனம் பாட்டுக்காரரின் கற்பனையாக இருக்கலாம். தாயின் பயம் கற்பனையல்ல.

கணியாகுளத்தோடு தொல்லை தீர்ந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் மதுரைப் படைகள் கணவாய் வழியாக வந்துகொண்டுதான் இருந்தன. ஏன் இந்த நாட்டின்மேல் அவ்வளவு பிரியம் என்று கேட்டால், பதில் வயலில் இருக்கிறது. நாஞ்சில் நாடு இருபோகம் விளையும் பூமி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு அறுவடை. கணவாய்க்கு அப்பால் கரிசலும் செம்மண் தேரியும். இப்பால் குளங்களும் பச்சை வயல்களும். நெல் முற்றிய சமயம் பார்த்துப் படை வந்தால், திறை என்ற பெயரில் கிடைத்தது போக, கொள்ளை என்ற பெயரிலும் கிடைக்கும். படை திரும்பிப் போனதும், வேணாட்டு அரசரின் அதிகாரிகள் வரி கேட்க வருவார்கள்.

இந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பன்னிரண்டு பிடாகை நாட்டார்களும் கூட்டம் கூடிப் பேசினார்கள். காப்பாற்ற முடியாத அரசுக்கு எதற்காக வரி கொடுக்க வேண்டும், கட்டாயப்படுத்தினால் ஊரை விட்டு மலைக்குப் போய்விடுவோம் என்று முடிவு செய்தார்கள். அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் அந்தக் காலத்து வரிக் கொடுமைகளும் வழக்குகளும் பதிவாகியிருக்கின்றன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்த ஓலைகளை ஆராய்ந்து உலகத்துக்குத் தெரியப்படுத்தினார். போர்க்களத்தில் நின்றவனைப் பற்றிப் பாட்டு இருக்கிறது. நெல்லை இழந்தவனுக்கு ஓலை மட்டும்தான்.

ஜப்பானியத் திரைப்பட மேதை அகிரா குரோசவா 1954-இல் 'ஏழு ஸாமுராய்' என்ற படத்தை எடுத்தார். அறுவடையானதும் கொள்ளையடிக்க வரும் திருடர்களை எதிர்க்க, ஏழைக் குடியானவர்கள் சோறு போட்டு ஏழு வீரர்களை அமர்த்துவதுதான் கதை. ஏழு பேரில் நால்வர் இறக்கிறார்கள். வாள்வித்தையில் நிகரற்றவன் உள்பட, நால்வரும் துப்பாக்கிக் குண்டுக்குத்தான் பலியாகிறார்கள். கடைசியில் குடியானவர்கள் நாற்று நடுகிறார்கள். அந்தப் படத்தைப் பன்னிரண்டு பிடாகை நாட்டார்கள் பார்த்திருந்தால், தங்கள் ஊர்க் கதையை யாரோ திருடிவிட்டதாகச் சண்டைக்குப் போயிருப்பார்கள்.

இப்போது குளச்சலுக்கு வருவோம். 1741-இல் மார்த்தாண்ட வர்மா மகாராஜா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது நமக்கெல்லாம் தெரிந்த பெருமை. பத்மநாபபுரம் அரண்மனையில் அதற்கு ஒரு படம்கூட இருக்கிறது. டிலனாய் என்ற வெள்ளைக்காரர் மகாராஜாவின் முன் பணிந்து சரணடைகிறார். அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு, ஒரு பகல் பொழுதில் கத்தியும் கேடயமும் மோதி எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். நடந்ததோ அதைவிட நிதானமான விவகாரம்.

தகராறு மிளகினால் வந்தது. கொல்லம், காயங்குளம் முதலிய சிறு ராஜ்யங்களோடு டச்சுக் கம்பெனியார் மிளகு ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். மார்த்தாண்ட வர்மா அந்த ராஜ்யங்களை ஒவ்வொன்றாக விழுங்க ஆரம்பித்தார். 1739-இல் இலங்கை டச்சு கவர்னர் வான் இம்ஹாஃப் நேரில் வந்து மிரட்டிப் பார்த்தார். படையெடுத்து வருவோம் என்று அவர் சொன்னதற்கு, நானும் ஐரோப்பாவின்மேல் படையெடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று மகாராஜா பதில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

1741-ஆம் வருஷத் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த டச்சுப்படை குளச்சலில் இறங்கிற்று. கரையோரத்து ஊர்களைப் பிடித்து, இரணியல் வரை புகுந்து சூறையாடிற்று. தலைநகரான பத்மநாபபுரம் கிட்டத்தட்டப் பத்து மைலில் இருந்தது. மகாராஜாவின் படைகளில் பெரும்பகுதி வடக்கே சண்டையில் ஈடுபட்டிருந்தது. அவர் தெற்கே விரைந்து வந்து, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் வாளை வைத்து வணங்கிப் போருக்குப் புறப்பட்டார் என்பது ஐதிகம். தளவாய் இராமய்யனும் வந்து சேர்ந்தார். அவர் திருநெல்வேலிச் சீமை ஏர்வாடியில் பிறந்தவர்.

டச்சுக்காரர்கள் கடற்கரையில் மரவேலிக் கோட்டை ஒன்றை அமைத்துக்கொண்டு அதற்குள் இருந்தார்கள். வெளியே ஆயிரக்கணக்கான திருவிதாங்கூர் வீரர்கள். உள்ளே சில நூறு பேர். வாரங்கள் ஓடின. மே போய் ஜூன் வந்தது. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. குளச்சலின் திறந்த கடலில் ஆடி மாதத்து அலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கப்பலை நிறுத்திச் சாமான் இறக்குவது எவ்வளவு கஷ்டமென்று. கம்பெனியின் தலைமையிடமான ஜாவாவிலிருந்து உதவி வரலாமென்றால், அங்கேயே நெருப்பு மூண்டிருந்தது. 1740-இல் பட்டேவியா நகரத்தில் சீனர்களைப் படுகொலை செய்ததன் பலனாகக் கம்பெனியாருக்கு ஜாவாவில் பெரிய யுத்தமே வந்துவிட்டது. எங்கேயோ செய்த பாவம் குளச்சலில் வந்து விடிந்தது.

இந்த முற்றுகையில் முக்குவர்கள் மகாராஜாவுக்குப் பெரிய துணையாக இருந்தார்கள் என்று கடற்கரையில் சொல்லுவார்கள். பனந்தடிகளை வண்டிகளில் ஏற்றி, தூரத்திலிருந்து பார்த்தால் பீரங்கி வரிசையாகத் தெரியும்படி நிறுத்தினார்களாம். தோளில் துடுப்பைச் சாய்த்துத் துப்பாக்கிக்காரர்களைப் போல நின்றார்களாம். கதை எவ்வளவு நிஜமோ, இப்படிப்பட்ட உபாயங்களுக்கு முற்றுகையில் ஏராளமாக நேரம் உண்டு என்பது நிஜம்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேருக்கு ஐந்நூறு நாழி. இரண்டு மாதத்துக்கு முப்பதாயிரம் நாழி. கோட்டைக்குள் இருந்த தளபதிக்குக் கத்தியைவிட இந்தக் கணக்குத்தான் கனவில் வந்திருக்கும். ஆகஸ்டு முதல் வாரத்தில், திருவிதாங்கூர் பீரங்கிக் குண்டு ஒன்று உள்ளே இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் போய் விழுந்தது. பீப்பாய் வெடித்து எழுந்த தீ அரிசிக் கிடங்கைச் சாம்பலாக்கிவிட்டது. அவ்வளவுதான். இரண்டொரு நாளில் டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். பிடிபட்ட துப்பாக்கிகள் 389 என்றும், கைதான வெள்ளைக்காரர் 24 பேர் என்றும் திருவிதாங்கூரின் பழைய சரித்திரம் கணக்குச் சொல்கிறது. குளச்சல் வெற்றியின் பெருமை இதனால் இம்மியும் குறையாது. பொறுமையாகக் காத்திருந்து எதிரியைப் பட்டினியில் நிறுத்துவதும் வீரம்தான். சினிமாவில் அது எடுபடாது, அவ்வளவே.

படத்தில் இருக்கும் டிலனாய் அன்று டச்சுப்படையின் தலைமைத் தளபதியாக இல்லை என்று டச்சு ஆவணங்களைப் படித்த பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். அவருடைய உண்மையான சரித்திரம் சரணடைந்த பிறகுதான் ஆரம்பமாகிறது. கைதியாக வந்தவர் 'வலிய கப்பித்தான்' ஆனார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி, அங்கே பீரங்கி வார்க்கச் செய்தார். வரிசையாக நிற்கவும், கட்டளைக்குச் சுடவும், மறுபடி மருந்து கெட்டிக்கவும் வீரர்களைப் பழக்கினார். தலைவன் விழுந்தாலும் வரிசை கலையாத படை அப்படித்தான் உருவாயிற்று. களரியில் சின்ன வயசிலிருந்து உடம்பை வில்லாக வளைத்துப் பழகிய வீரனுக்கு, நூறு பேரோடு சேர்ந்து ஒரே மாதிரி கால் எடுத்து வைப்பது எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும்! 1777-இல் டிலனாய் இறந்தார். தமிழும் லத்தீனும் பொறித்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது.

அப்படிக் கட்டிய பலமும் நிலைக்கவில்லை. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809-இல் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார். ஆரல்வாய்மொழியில் மலைக்கு மலை மதில், பீரங்கி, காவல் எல்லாம் இருந்தன. பிப்ரவரி 10-ஆம் தேதி விடியுமுன், கர்னல் செயின்ட் லெஜரின் படையில் ஒரு பகுதி இருட்டில் முள்ளும் பாறையுமான மலைச்சரிவில் ஏறி, காவலர்களை மேலிருந்து தாக்கிற்று. கணவாய் விழுந்தது. சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமலே கைவிடப்பட்டன. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். தலைமுறைக்கணக்காகக் கட்டிக் காத்த வாசலை, ஒரு இரவு மலையேறத் துணிந்த சில பேர் திறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வாள்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் களரி மிஞ்சிற்று. கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமங்களில் அடிமுறை ஆசான்கள் இன்றும் இருக்கிறார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று அவர்கள் கணக்குச் சொல்லுவார்கள். அடிக்கக் கற்றவன், அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறையையும், எலும்புக்குக் கட்டுப் போடுவதையும், எண்ணெய் காய்ச்சுவதையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பது அந்த வித்தையின் விதி. யுத்தங்களை உண்மையாகப் பார்த்தவர்கள் ஏற்படுத்திய விதியாகத்தான் அது இருக்க வேண்டும். கதையில் வெட்டுப்பட்டவன் அடுத்த வரியில் மறைந்துவிடுவான். நிஜத்தில் அவன் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் மாதக்கணக்கில் முனகிக்கொண்டு கிடப்பான். கட்டுப் போட ஒருவர் வேண்டும்.

இவ்வளவும் சொன்னதனால், சரித்திரக் கதைகளிலிருந்து வாளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நான் சொல்லுவதாக நினைக்க வேண்டாம். வாளைப் பிடுங்கிவிட்டால் எங்கள் பிழைப்பு என்னாவது? நான் சொல்லுவதெல்லாம் இதுதான்: யுத்தத்தைப் பற்றி எங்கே படித்தாலும், "அந்த வருஷத்து நெல் என்ன ஆயிற்று?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். குமரிமுனைப் பாறையில் ஒளிந்தவர்கள், மலைக்குப் போகிறோம் என்று சொன்ன நாட்டார்கள், அரிசி எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்ற டச்சுச் சிப்பாய் எல்லோரும் அந்தக் கேள்விக்குத் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர்களை யாரும் படத்தில் எழுதவில்லை. கதைக்காரர்களாவது எழுத வேண்டாமா?